டம்ளருக்குள் சிக்கிய டம்ளர்

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. அப்பா காலத்து .315 ரைபிள் இப்போது என் பெயரில் உரிமத்தோடு இருக்கிறது. பேரலின் உள்பக்கம் துருவேறி அரித்துப்போனதால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளி மாநிலத்தில் உரிமம் பெற்ற பட்டறை ஒன்றில் முறைப்படி அனுமதி வாங்கிப் புதுப் பேரல் போட்டேன். குறி நன்றாக விழுகிறது. ஆனால் திரும்பி வந்த நாளிலிருந்து, பத்து ரவுண்டு சுட்டால் மூன்று நான்கு காலித் தோட்டா உறைகள் வெளியே வர மறுக்கின்றன. போல்ட்டின் (பேரலைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் தண்டு) கைப்பிடி பாதி தூரம் லேசாக மேலே வருகிறது. பிறகு இறுகி நின்றுவிடுகிறது. உள்ளங்கையால் தட்டித்தான் திறக்கிறேன். ஒருமுறை போல்ட் மட்டும் கையோடு வந்து, உறை உள்ளேயே தங்கிவிட்டது. இதே பெட்டித் தோட்டாக்கள் பழைய பேரலில் ஒருநாளும் சிக்கியதில்லை. பட்டறைக்காரர் தோட்டா சரியில்லை என்கிறார். ஒரு நண்பர் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறை) இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்கிறார். இன்னொருவர் எக்ஸ்ட்ராக்டர் (உறையை இழுத்தெடுக்கும் நகம்) ஸ்பிரிங்கை மாற்றச் சொல்கிறார். சேலத்துச் சுடுதளத்தில் காலையில் குறைவாகவும் மதிய வெயிலில் அதிகமாகவும் சிக்குகிறது. மூன்று உறைகளின் படங்களை இணைத்திருக்கிறேன். உள்ளே தங்கிவிட்ட உறையும் அவற்றில் ஒன்று. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

துப்பாக்கியில் கோளாறு என்று எழுதுகிறவர்கள் வழக்கமாக ரைபிளைத்தான் படமெடுத்து அனுப்புவார்கள். மெருகேற்றிய மரக்கட்டை பளபளவென்று தெரியும், கோளாறு தெரியாது. நீங்கள் உறைகளை அனுப்பியிருக்கிறீர்கள். அதிலும் பக்கவாட்டில் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என்று எடுத்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவனாக, இருந்துவிட்டு வந்து சேலத்தில் இதே வேலையைப் பார்ப்பவன் நான். உறை சிக்குகிறது என்று யார் வந்தாலும் துப்பாக்கியைத் தொடும் முன்பு “சிக்கிய உறை எங்கே?” என்றுதான் கேட்பேன். பாதிப் பேர் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொல்வார்கள். அதற்கப்புறம் நானும் அவர்களும் சேர்ந்து ஊகிக்க வேண்டியதுதான்.

சுடும் கணத்தில் பித்தளை உறை பெருத்து சேம்பர் சுவரோடு அப்பிக்கொள்கிறது. சுவரில் இருக்கும் கீறல், வரி, பிசிறு எல்லாம் அதன் மேல் பதிந்துவிடுகின்றன. ஆகவே சுட்ட ஒவ்வொரு உறையும் உங்கள் சேம்பரை வார்த்து எடுத்த அச்சு. உங்கள் மூன்று அச்சுகளிலும் என் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அடிப்பக்கம். மூன்றிலும் பிரைமரின் (ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஓரம் உருண்டையாகவே இருக்கிறது. அழுத்தம் எல்லை மீறியிருந்தால் அது தட்டையாகி, இருக்கும் குழியை ஓரம் வரை நிரப்பியிருக்கும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது என்றாலும், தோட்டா மீது பட்டறைக்காரர் போடும் பழிக்கு இங்கே ஆதாரம் இல்லை.

அடுத்தது உறையின் அடிப்பக்க விளிம்பு. எக்ஸ்ட்ராக்டர் நகம் பிடித்த இடத்தில் பித்தளை வழிந்து வெளிப்பக்கமாக மடங்கியிருக்கிறது. உள்ளேயே தங்கிவிட்ட உறையில் இது இன்னும் ஆழம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நகம் விளிம்பின் மேல் வழுக்கிப் போயிருக்கும், இப்படிக் கடித்திருக்காது. உங்கள் எக்ஸ்ட்ராக்டர் பாவம், தன் பலத்துக்கு மேல் இழுத்திருக்கிறது. அதன் ஸ்பிரிங்கை மாற்றச் சொன்ன நண்பருக்கு, மாட்டை மாற்றினால் சேற்றில் புதைந்த வண்டி வந்துவிடும் என்ற நம்பிக்கை போலிருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். உறையின் உடலில், விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளித் தொடங்கி, வளையம் வளையமாக மெல்லிய வரிகள் ஓடுகின்றன. லேத்தில் அவசரமாகக் கடைந்து மெருகு போடாமல் விட்ட கம்பியைப் பார்த்திருப்பீர்கள், அதே வரிகள். சேம்பரை வெட்டும் ரீமர் மழுங்கியிருந்தாலோ, வெட்டும்போது அதிர்ந்தாலோ, சீவல் வெளியேறாமல் உள்ளே உருண்டாலோ இப்படித்தான் ஆகும். கூடவே ஒவ்வொரு உறையிலும் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் இருக்கிறது. அது எக்ஸ்ட்ராக்டர் கடித்த இடத்துக்கு நேர் முன்னால், மூன்றிலும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. எங்கோ விழுந்து பட்ட கீறலாக இருந்தால் மூன்றிலும் ஒரே நேரில் அமையாது. எக்ஸ்ட்ராக்டர் நகம் உட்காருவதற்காகப் பேரலின் பின்முனையில் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் பிசிறை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

சேம்பர் சுவர் கரடு, அதன் வாயில் பிசிறு. என் சந்தேகம் இந்த இரண்டின் மேல்தான். இவற்றோடு சேம்பர் இறுக்கமாகவும் இருக்கிறதா என்பதைப் படத்தில் பார்க்க முடியாது. அதற்கு நீங்கள் வீட்டில் செய்ய வேண்டிய சோதனைகளைக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன்பு உறை ஏன் சிக்குகிறது என்பது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

சமையலறையில் எவர்சில்வர் டம்ளருக்குள் இன்னொரு டம்ளர் சிக்கிக்கொள்வது எல்லார் வீட்டிலும் நடப்பது. இழுத்தால் வராது, திருகினால் வராது. ஆனால் நூலிழை அளவு நகர்ந்துவிட்டால் உடனே கழன்று கையோடு வந்துவிடும். காரணம், டம்ளர் கீழே குறுகி மேலே அகன்றது. கொஞ்சம் வெளியே வந்ததுமே சுற்றிலும் இடைவெளி விழுந்துவிடுகிறது. உங்கள் .315 தோட்டாவும் அப்படித்தான். ராணுவத் தோட்டாவான .303 இங்கே பொதுமக்களுக்குத் தடை. எனவே அந்த ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டின் அதே இயக்க அமைப்பை வைத்துக்கொண்டு, இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை பழைய 8×50 மான்லிச்சர் தோட்டாவுக்கு ஏற்ற ரைபிளைச் செய்தது. ஆஸ்திரியா-ஹங்கேரிப் படைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த தோட்டா அது. விளிம்பிலிருந்து தோள் வரை நன்றாகக் குறுகும் உடல். சிக்காமல் வெளிவர வேண்டும் என்றே அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். அப்படிப்பட்ட தோட்டாவே சிக்குகிறது என்றால் சேம்பர் அதை எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

அந்த முதல் நூலிழை நகர்வுதான் எல்லாம். கைப்பிடியை மேலே தூக்கும்போது, தூக்கி முடிக்கும் கட்டத்தில், போல்ட் ஒரு சரிவின் மேல் ஏறித் தன்னைத்தானே சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்ளும். நெம்புகோல் போன்ற பெரும் விசை அது. உறை சுவரை விட்டு விலகுவது அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு நீங்கள் பின்னால் இழுப்பது வெறும் பயணம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். கைப்பிடி பாதி தூரம் லேசாக வருகிறது, பிறகு இறுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு முழு மதிப்பெண் தரலாம். தொடக்கத்திலேயே கைப்பிடி கனத்தால், உறையின் அடி போல்ட் முகத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது அழுத்தத்தையும் ஹெட்ஸ்பேஸையும் (போல்ட் முகத்துக்கு முன்னால் உறையின் விளிம்பு உட்காரும் இடைவெளி) சந்தேகிக்க வேண்டும். தொடக்கம் லேசு, முடிவில் இறுக்கம் என்றால் உறையின் உடல் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கைப்பிடியும் இழுப்பும் லேசாக இருந்து, உறை மட்டும் உள்ளே தங்கினால்தான் எக்ஸ்ட்ராக்டர் பக்கம் போக வேண்டும். உங்களுடையது இரண்டாவது வகை. ஒருமுறை போல்ட் மட்டும் வந்ததுகூட இதன் முற்றிய நிலைதான். இழுபறியில் விளிம்பு தோற்றுவிட்டது.

பித்தளை ஏன் சுவரைப் பிடித்துக்கொள்கிறது? சுடும்போது பித்தளை மட்டும் பெருப்பதில்லை, வெளியே இருக்கும் எஃகும் துளி விரிகிறது. அழுத்தம் இறங்கியதும் இரண்டும் சுருங்கும். பித்தளை எஃகைவிட அதிகம் சுருங்கினால் நடுவே இடைவெளி விழும், உறை தானாகக் கழலும். எஃகு திரும்பி வரும் அளவுக்குப் பித்தளை திரும்பாவிட்டால், எஃகு அதை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் கூடினால் எஃகு அதிகம் விரிந்து அதிகம் திரும்பும், பிடி இறுகும். சேம்பரைச் சுற்றிய இடத்தில் பேரல் மெலிதாக இருந்தாலும் அப்படியே. சுவரில் வரிகள் இருந்தால் பித்தளை அவற்றுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது உறை சுருங்கினாலும் பயனில்லை, பல்லில் பல் மாட்டியது மாதிரி.

மதிய வெயிலில் அதிகம் சிக்குவதும் இதனால்தான். சூடான தோட்டாவில் மருந்து வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் காற்றின் குணமே மாறிவிடுகிறது. அதன் பிறகு ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே தோட்டாப் பெட்டியை வைத்துவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போனால் கேட்கவே வேண்டாம். நல்ல சேம்பர் சேலத்து வெயிலையும் தாங்கும். தாங்கும் எல்லையில் நிற்கும் சேம்பர் அந்தக் கூடுதல் அழுத்தத்தில் தோற்கும். வெயில் கோளாறை உண்டாக்கவில்லை, இருக்கிற கோளாறைக் காட்டிக்கொடுக்கிறது. பெட்டியை நிழலில் வையுங்கள். ஆனால் அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

பழைய பேரலில் இதே தோட்டா சிக்கவில்லை என்ற உங்கள் வாதத்தை முழுதாக ஏற்க மாட்டேன். அரித்துத் தேய்ந்த பேரலில் குண்டு நுழையும் இடம் அகன்றிருக்கும், அழுத்தம் சற்றுக் குறைவாகவே எழும். சேம்பரும் பல ஆண்டு உபயோகத்தில் வழவழப்பாகியிருக்கும். புதுப் பேரல் இயல்பாகவே கண்டிப்பானது. ஆனாலும் பட்டறையின் பொறுப்பு இதனால் குறையாது. கடையில் கிடைக்கும் தொழிற்சாலைத் தோட்டா சிக்காமல் வெளிவருமாறு சேம்பர் வெட்டுவதுதான் அவர்கள் வாங்கிய கூலிக்கான வேலை.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. மலிவானதில் தொடங்குவோம்.

சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள். தினமும் செய்கிறேனே என்பீர்கள். பேரலுக்கான பிரஷ்ஷும் துணியும் சேம்பர் வழியாகப் போகும்போது அதன் சுவரைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் சேம்பர் பேரல் துளையைவிட அகலம். புதுப் பேரலுக்குத் துரு பிடிக்காமல் இருக்கத் தடவிய கிரீஸ்கூட இரண்டு ஆண்டாக உள்ளேயே சுட்டுக் கருகி அப்பிக்கிடக்கலாம். தடித்த வெண்கல பிரஷ்ஷில் சுத்தம் செய்யும் திரவத்தை நனைத்து, பின்பக்கத்திலிருந்து விட்டுத் திருகி எடுங்கள். பிறகு குச்சியில் தடிமனாகத் துணி சுற்றி, வெள்ளையாக வெளிவரும் வரை துடையுங்கள். கடைசியில் சேம்பர் உலர்ந்திருக்க வேண்டும். சிறு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். புள்ளி புள்ளியாகக் கறுப்புக் குழிகள் தெரிந்தால் அது துரு, கதை வேறு. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் தோலுறைக்குள் வைத்த ரைபிள் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய ரைபிள்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். காவல்துறையினரைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணெய் பூசி ஒப்படைப்பதும், வாங்கியதும் துடைப்பதும் நம் வேலை.

அடுத்து விரல் சோதனை. ரைபிளில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதி செய்துகொண்டு போல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். சுத்தமான சேம்பருக்குள், சிக்கிய உறைகளில் ஒன்றை விரலால் விடுங்கள். ஒருமுறை சுருங்கிவிட்ட உறை தன் சொந்த சேம்பருக்குள் தடையில்லாமல் போய் உட்கார வேண்டும், பேரலை நிமிர்த்தினால் தானாக விழ வேண்டும். கடைசிச் சில மில்லிமீட்டரில் இறுகினால் அடிப்பக்கம் இறுக்கம். இறுகிய உறையை மார்க்கரால் குறித்துக்கொண்டு கால் சுற்றுத் திருப்பி மறுபடி விட்டுப் பாருங்கள். ஒரு திசையில் போய் இன்னொரு திசையில் இறுகினால் சேம்பர் வட்டமாக இல்லை, கோணல். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இறுகினால் அளவே சிறிது.

அதே உறையின் உடல் முழுவதும் மார்க்கர் மையைப் பூசி, காய்ந்ததும் உள்ளே விட்டு எடுங்கள். மை எங்கே வழித்துப் போயிருக்கிறதோ அங்கேதான் உரசல். பள்ளத்துப் பிசிறு இருந்தால் கோடு போட்டது போல வழித்திருக்கும்.

மைக்ரோமீட்டர் கிடைத்தால், விளிம்புக்குச் சற்று முன்னால் சுடாத தோட்டாவையும் சுட்ட உறையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் தோட்டாவைப் பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள், மைக்ரோமீட்டரை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். சுட்ட உறை கொஞ்சமாவது தடித்திருக்க வேண்டும். வித்தியாசமே தெரியாவிட்டால் பித்தளைக்குப் பெருக்க இடமில்லை, சேம்பர் இறுக்கம் என்பது உறுதி.

போல்ட்டின் எண்ணும் ரைபிளின் எண்ணும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். பட்டறை மேசையில் நான்கு ரைபிள் ஒரே நேரத்தில் பிரிந்துகிடந்தால் போல்ட் மாறிப்போவது நடக்கக்கூடியதுதான். லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனியாகக் கழலும் துண்டு. ஹெட்ஸ்பேஸ் சரிசெய்வது என்றாலே அந்தத் தலையை மாற்றுவதுதான். புதுப் பேரல் போட்டவர்கள் அதையும் மாற்றினார்களா, கேஜ் (அளவு பார்க்கும் கட்டை) வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இதே குடும்பத்து .303 ராணுவ ரைபிளில் 0.064 அங்குல கேஜ் வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குல கேஜில் மூடக் கூடாது என்பது நாங்கள் படித்த பாடம். உங்களுடையதற்கு அதற்குரிய கேஜ் இருக்கிறது. உரிமம் பெற்று .315-இல் வேலை செய்கிறவரிடம் அது இருந்தே ஆக வேண்டும்.

ஹெட்ஸ்பேஸ் கூடுதலாக இருந்தால் உறை சிக்குவது பெரிய ஆபத்தல்ல, இரண்டாக அறுந்துபோவதுதான் ஆபத்து. இந்த இயக்கத்தில் போல்ட்டைப் பூட்டும் பற்கள் பின்பக்கம் இருப்பதால் சுடும்போது போல்ட் சற்று அமுங்கும், உறை கொஞ்சம் நீளும். ஆகவே ஒவ்வொரு உறையிலும் விளிம்புக்கு முன்னால், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளி, பளபளப்பான வளையம் ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கி போல வளைத்து உறைக்குள் விட்டு, அடியிலிருந்து மேலாகச் சுவரை உரசி இழுங்கள். ஒரு இடத்தில் நுனி தடுக்கி விழுந்தால் உள்ளே பித்தளை மெலிந்து பள்ளம் விழுந்திருக்கிறது. அப்படி ஒரே ஒரு உறை கிடைத்தாலும் அந்த ரைபிளால் அடுத்த ரவுண்டு சுடக் கூடாது. உங்கள் படங்களில் அந்த வளையம் இல்லை. ஆனால் என் கண்ணுக்குத் தெரிவது படம், உங்கள் கையில் இருப்பது உறை.

இப்போது எண்ணெய். இதைச் சொன்ன நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தயவுசெய்து கேட்காதீர்கள். உலர்ந்த சேம்பரில் உறை சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னுதையில் ஒரு பங்கைத் தானே ஏற்கிறது. எண்ணெய் விட்டால் உறை வழுக்கும். மொத்த உதையும் போல்ட்டின் மேல் விழும். உறை சிக்காமல் வரும்தான், ஆனால் அதற்கு விலை கொடுப்பது போல்ட்டும் பூட்டும் பற்களும். டம்ளருக்கு எண்ணெய் விடலாம், சேம்பருக்குக் கூடாது.

உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி டிரில்லில் மாட்டி நீங்களே சேம்பரை மெருகேற்றவும் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். புதிதாக ஆர்மரர் பயிற்சி முடித்த காலத்தில், உறை சிக்கிய ரைபிள் ஒன்றை மாலைக்குள் சரிசெய்து பெயர் வாங்கிவிட வேண்டும் என்று, யாரையும் கேட்காமல் டிரில்லை எடுத்தேன். உள்ளே கண்ணாடியாக மின்னியது. அடுத்த நாள் சுட்டபோது முதல் உறையே அசையவில்லை. நடுப்பகுதியில் அதிகம் தேய்த்துவிட்டேன். சேம்பர் கூஜா போல ஆகிவிட்டது, வயிறு அகலம், வாய் குறுகல். உள்ளே பெருத்த உறை குறுகிய வாய் வழியாக எப்படி வரும்? அந்தப் பேரல் கழிவில் போனது. அதற்காக என் மேலதிகாரி என்னைத் திட்டவில்லை. அந்தப் பேரலை என் மேசை மேலேயே மூன்று மாதம் வைத்திருந்தார்.

உறை உள்ளே தங்கிவிட்டால் எடுப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நாளைக்கு நீங்கள் முன்பக்கத்திலிருந்து கம்பியால் தள்ளினேன் என்று சுலபமாக எழுதினால் எனக்குக் கவலையாக இருக்காதா? விசை இழுத்தும் வெடிக்காத தோட்டாவாக இருந்தால், வாய்ப்பகுதியை இலக்கை நோக்கியே வைத்து முப்பது வினாடியாவது காத்திருந்த பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். வெடித்ததா என்பதில் துளி ஐயம் இருந்தாலும் முன்பக்கத்திலிருந்து கம்பி விடவே கூடாது. வெடித்தது உறுதி, குண்டு இலக்கில் விழுந்ததைப் பார்த்தீர்கள், போல்ட் திறந்துவிட்டது, உறையின் அடியில் ஊசி குத்திய தடம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மட்டும் கம்பியை மெதுவாக விட்டு, நிற்கும் இடத்தில் வாய்ப்பகுதியை ஒட்டிக் குறியிடுங்கள். கம்பியை வெளியே எடுத்துப் பேரலின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியும். காலி உறையானால் நுனி ஏறக்குறைய விளிம்பு வரை எட்டியிருக்கும். அதற்கு முன்பே நின்றுவிட்டால் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது, அங்கேயே நிறுத்திவிட்டு ஆர்மரரைத் தேடுங்கள். காலி என்பது உறுதியானால் பித்தளைக் கம்பியால் லேசாகத் தட்டினால் போதும், டம்ளர் கதைதான், நகர்ந்தால் விழுந்துவிடும். எஃகுக் கம்பி வேண்டாம், பேரலின் வாயைக் கெடுத்துவிடும். போல்ட் கைப்பிடியைச் சுத்தியலால் அடிப்பதும், ரைபிளை நிமிர்த்திக் கட்டையின் அடியைத் தரையில் மோதிக் கைப்பிடியைக் காலால் உதைப்பதும் படத்தில் பார்த்த வீரம். முகம் எங்கே இருக்கிறது என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள், செய்ய மாட்டீர்கள்.

மேலே சொன்ன சோதனைகளின் முடிவை ஒரு தாளில் எழுதி, படங்களோடு பேரல் போட்ட பட்டறைக்கே அனுப்புங்கள். “தோட்டா சரியில்லை” என்ற பதிலுக்கு இடம் கொடுக்காதபடி எழுதுங்கள். மூன்று உறையிலும் வளைய வரி, ஒரே இடத்தில் நீளக் கீறல், விரல் சோதனையில் இன்ன இடத்தில் இறுக்கம், பிரைமர் இயல்பு. கேட்க வேண்டியதையும் திட்டமாகக் கேளுங்கள். கேஜ் வைத்து ஹெட்ஸ்பேஸ் பார்க்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்தின் பிசிறை எடுக்க வேண்டும். சேம்பரை வார்த்து அளக்க வேண்டும். எழுபதிலிருந்து தொண்ணூறு டிகிரி வெப்பத்துக்குள் உருகிவிடும் உலோகக் கலவை இதற்கென்றே இருக்கிறது. வெந்நீரிலேயே உருக்கிச் சேம்பரில் ஊற்றி, உறைந்ததும் எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கலாம். அளவு சரி, வரி மட்டும்தான் குறை என்றால், 320, அடுத்து 400 எண் உப்புத்தாளில் எண்ணெய் விட்டு, மெதுவான சுழற்சியில், சேம்பரின் நீளம் முழுக்க ஒரே சீராக, சில வினாடிகள் தேய்த்தால் போதும். அதற்கு மேல் கண்ணாடி போல மின்ன வேண்டும் என்று நீங்களும் கேட்காதீர்கள். மிகையான வழவழப்பில் உறையின் பிடி போய்விடும். அளவே சிறிது என்றால் நல்ல ரீமரால் சரியான அளவுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும். வரி ஆழம் அல்லது சேம்பர் கோணல் என்றால் பேரலை ஒரு புரி பின்னுக்கு வாங்கி மறுபடி வெட்ட வேண்டும். அது பெரிய வேலை, கூலியை யார் தருவது என்பதை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

இந்த வேலை எதையும் தெரிந்த லேத்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள், அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். மாட்டிக்கொள்வது அவர் மட்டுமல்ல, நீங்களும்தான். ரைபிளை எடுத்துப் போகும்போது அசல் உரிமமும், பட்டறை கொடுத்த ரசீதும், பேரல் மாற்ற வாங்கிய அனுமதியும் கையில் இருக்கட்டும். தோட்டாவும் ரைபிளும் வெவ்வேறு பெட்டியில் இருக்கட்டும்.

சரிசெய்து வந்ததும் காலையில் ஐந்து, மதியத்தில் ஐந்து என்று சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு உறையிலும் வரிசை எண்ணை மார்க்கரால் எழுதி, கைப்பிடி எந்த இடத்தில் இறுகியது, அல்லது இறுகவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். மதிய ஐந்தும் விரல் நுனியில் திறந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் அந்தக் குறிப்பையும் உறைகளின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். உறைகளைத் தபாலில் போடாதீர்கள், படம் போதும். எடுக்கும்போது வெளிச்சம் நேராக விழாமல் பக்கவாட்டில் சாய்ந்து விழட்டும், வரிகள் அப்போதுதான் தெரியும்.